கடுக்காய்: அதன் சத்தும் கிருமியை அடக்கும் சக்தியும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



வைகையின் வடகரையில், செல்லூரில், தறி ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கடுக்காயைப் பற்றி எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத் தோன்றலாம். நூலுக்குச் சாயம் ஏற்றுமுன் அதைக் கடுக்காய் நீரில் ஊறவைக்கும் முறை, ரசாயனச் சாயங்கள் பரவுவதற்கு முன்னர் சாயத் தொழிலின் அடிப்படையாக விளங்கியது. 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிச் சேலையின் பழைய சிவப்பும் கருப்பும் இத்தகைய முறைகளால் நிலைபெற்றவையே. வீட்டுப் பெரியவர்கள் இரவில் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கலந்து அருந்துவதும், கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பதும் பலர் கண்டறிந்த வழக்கங்கள்.

ஆயினும், இக்காயைக் குறித்து வழங்கும் பேச்சில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தவர் சிலரே. கடுக்காய் ஒன்றே சகல வியாதிகளையும் தீர்க்கும் என்று நம்பி வைத்தியரிடம் போகத் தாமதிப்பவர் உண்டு. இது வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குபவரும் உண்டு. முன்னவர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். பின்னவர் கைக்கெட்டிய நல்ல பொருளை வீணாக்குகின்றனர். சங்கத்தின் கணக்கை வரவு, பற்று என்று இரு பக்கமாகப் பிரித்து எழுதுவது போல, கடுக்காயின் கணக்கையும் இரு பக்கமாக எழுதிப் பார்ப்பதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

மரமும் காயும்

கடுக்காய் மரத்துக்குத் தாவர சாஸ்திரிகள் இட்ட பெயர் டெர்மினாலியா செபுலா என்பது. ரெட்சியஸ் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் இப்பெயரை இட்டார். மருதமும் தான்றியும் இதன் இனத்தைச் சேர்ந்த மரங்களே. இலையுதிர் காடுகளில் இது இயற்கையாக வளரும். தமிழ்நாட்டில் கொல்லிமலை, சேர்வராயன்மலை, ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை முதலிய இடங்களில் மலைவாசிகள் இக்காயைப் பொறுக்கி விற்பது நெடுநாளைய ஜீவனோபாயம். மதுரைச் சமவெளியில் இதைப் பயிராக வைப்பவர் அரிது. கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் மூட்டையாக வந்து இறங்கும் கடுக்காய் மலையிலிருந்து வருவதே.

காய் சுமார் 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உலர்ந்தபின் அதன் மேல் ஐந்து வரம்புகள் தெளிவாகத் தெரியும். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் உடையது. உள்ளே கடினமான கொட்டை இருக்கிறது. மருந்துக்கு உரியது வெளிச் சதையே. கொட்டையை நீக்கிவிட வேண்டும் என்பது சித்த வைத்தியத்தின் கண்டிப்பான விதி. இஞ்சிக்கு மேல்தோலை நீக்குவது போலக் கடுக்காய்க்கு உள்விதையை நீக்க வேண்டும் என்று தாய்மார் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். முற்றாத நிலையில் உதிர்ந்து கறுத்துச் சிறுத்த காயைப் பிஞ்சுக் கடுக்காய் என்று தனியாக விற்பர். கடுக்காயும், தான்றிக்காயும், நெல்லிக்காயும் சேர்ந்தது திரிபலை.

காயினுள் இருப்பது என்ன?

கடுக்காயைக் கடித்தவுடன் நாவை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பே அதன் ரசாயனத்தின் திறவுகோல். அத்துவர்ப்புக்குக் காரணமான சரக்குக்கு டானின் என்று பெயர். உலர்ந்த கடுக்காய்ச் சதையில் நூற்றுக்குச் சுமார் 30 பங்கு டானின் என்று கொள்ளலாம். மரம் வளர்ந்த இடம், காய் பறித்த பருவம், உலர்த்திய விதம் ஆகியவற்றுக்கு ஏற்ப இது 20 பங்காகக் குறையவும் 40 பங்காக உயரவும் கூடும்.

டானின் என்பது ஒரே பொருள் அன்று, ஒரு குடும்பம். கடுக்காயில் உள்ள அக்குடும்பத்தில் முக்கியமானவை செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம், கொரிலாஜின் முதலியன. இவற்றின் அமைப்பை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். நடுவில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் ஒரு துகள். அதைச் சுற்றிலும், தறியின் பாவு உருளையில் நூல்கள் பிணைக்கப்பட்டிருப்பது போல, காலிக் அமிலமும் அதைச் சார்ந்த பிற அமிலங்களும் பிணைந்திருக்கின்றன. நீரில் நெடுநேரம் கொதித்தாலும் ஊறினாலும் இப்பிணைப்புகளில் சில அவிழ்ந்து, காலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் தனியே வெளிப்படும். இவ்வாறு நீரால் பிரியும் தன்மை உடையதால் இவ்வகை டானினை நீரால் பகுபடும் டானின் என்பர்.

டானினைத் தவிர, மலத்தை இளக்கும் ஆந்த்ரகுவினோன் வகைச் சரக்குகளும் காயில் சிறு அளவில் உண்டு. ஒருபுறம் துவர்ப்பு குடலை இறுக்க, மறுபுறம் இவை இளக்குகின்றன. ஒரே காய் சிலருக்குப் பேதியை நிறுத்துவதாகவும் சிலருக்கு மலத்தை இளக்குவதாகவும் சொல்லப்படுவதில் இதனால் முரண்பாடு இல்லை. கொட்டைக்குள் உள்ள பருப்பில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது.

ஒரே குணம், பல தொழில்

டானினின் தலையாய குணம் ஒட்டிப் பிடித்தல். புரதத்தையும், இரும்பு, அலுமினியம் முதலிய உலோக உப்புகளையும் அது கண்டால் விடாது பற்றிக்கொள்ளும். இந்த ஒரு குணத்தைக் கொண்டே பல தொழில்கள் பிழைத்து வந்தன.

சாயக்காரர் பருத்தி நூலைக் கடுக்காய் நீரில் தோய்த்தால் டானின் நூலில் தங்குகிறது. பின்னர் படிகார நீரில் தோய்க்க, அந்த டானின் படிகாரத்தைப் பிடித்து வைக்கிறது. அதன்மேல் ஏறும் சாயம் வெளுப்புக்கும் வெயிலுக்கும் எளிதில் அசையாது. தோல் பதனிடுவோர், ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலைக் கடுக்காய்ச் சாற்றில் இட்டு முடிப்பது வழக்கம். டானின் தோலின் புரதத்தோடு இறுகக் கலந்து, அது அழுகாமல் காக்கிறது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்தால் நீலங்கலந்த கருமை உண்டாகும். பழைய நாளில் எழுதும் மை இதனால் ஆயிற்று. கடுக்காய் இந்நாட்டிலிருந்து அயல்நாட்டுத் தோல் ஆலைகளுக்கு ஏராளமாக ஏற்றுமதியான காலமும் இருந்தது. விமலிப்பட்டணத்தின் பெயராலும் ஜபல்பூரின் பெயராலும் அதன் தரங்கள் அயல்நாட்டுச் சந்தைகளில் அழைக்கப்பட்டன.

தோல் ஏன் அழுகவில்லை என்று சிந்திப்பவர்களுக்கு அடுத்த கேள்வி தானே எழும். அழுகல் என்பது கிருமிகளின் வேலை. எனவே தோலைக் கிருமிகளிடமிருந்து காக்கும் சரக்கு, மனிதருக்கு நோய் தரும் கிருமிகளையும் அடக்குமா என்பதே அந்தக் கேள்வி.

கிருமியை அடக்கும் விதம்

பாக்டீரியா என்பவை கண்ணுக்குத் தெரியாத ஓருயிர்க் கிருமிகள். அவற்றின் மேலுறையிலும் உள்ளேயும் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. கடுக்காயின் டானின் மூன்று வழியாக அவற்றைத் தாக்குவதாக ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். முதலாவது, மேலுறைப் புரதங்களைப் பற்றி உறையைக் குலைக்கிறது. இரண்டாவது, கிருமி உணவைச் செரிக்கப் பயன்படுத்தும் நொதிகளைச் செயலறச் செய்கிறது. மூன்றாவது, கிருமி வளர்வதற்கு இன்றியமையாத இரும்பைத் தான் பற்றிக்கொண்டு, அதைப் பட்டினி போடுகிறது. மையைக் கருப்பாக்கிய அதே பற்றுதலே இங்கும் வேலை செய்கிறது.

மேலுறையின் அமைப்பைக்கொண்டு பாக்டீரியாக்களை இரு பெரும் பிரிவாக வகுப்பர். சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் போன்றவை ஒரு பிரிவு. வயிற்றுக் கோளாறு தரும் சில கிருமிகள் அடங்கிய மறு பிரிவுக்குக் கூடுதலாக ஒரு வெளித்திரை உண்டு. அத்திரை மருந்துச் சரக்கைத் தடுப்பதால், பொதுவாகத் தாவரச் சாறுகள் முதற்பிரிவின்மேல் எளிதாகவும் இரண்டாம் பிரிவின்மேல் அரிதாகவும் வேலை செய்கின்றன.

சோதனைச்சாலை சொல்வது

1997-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கடுக்காயிலிருந்து காலிக் அமிலத்தையும் எதில் காலேட் என்னும் பொருளையும் பிரித்தெடுத்தனர். மெதிசிலின் என்னும் மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியை இவ்விரண்டும் தடுப்பதாக அவர்கள் கண்டனர். ஆஸ்பத்திரிகளில் அறுவைப் புண்களைச் சீழ்வைக்கச் செய்து வைத்தியர்களைத் திணறவைக்கும் கிருமி அது.

1999-இல் பம்பாய் ஆராய்ச்சியாளர் இருவர் கடுக்காயின் நீர்ச்சாற்றைச் சொத்தைப்பல்லுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியின்மேல் சோதித்தனர். கிருமியின் வளர்ச்சி குன்றியது. வழவழப்பான பரப்பில் ஒட்டிக்கொள்ளும் அதன் திறனும் குறைந்தது. நூற்றுக்கு 10 பங்கு கடுக்காய்ச் சாறு சேர்ந்த நீரால் வாய் கொப்பளித்தபின் உமிழ்நீரில் கிருமிகளின் எண்ணிக்கை தாழ்ந்தது.

2001-இல் ஈரான் தேசத்து ஆராய்ச்சியாளர், இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிக்கோபாக்டர் பைலோரி கிருமியை எடுத்துக்கொண்டனர். கருங்கடுக்காயின் நீர்ச்சாறு லிட்டருக்கு 125 மில்லிகிராம் என்ற அளவிலேயே அதன் வளர்ச்சியை நிறுத்தியது. 121 டிகிரி உஷ்ணத்தில் 30 நிமிஷம் வைத்தபின்னும் சாற்றின் சக்தி குன்றவில்லை. கொதிக்க வைத்துக் கஷாயமிடும் பழைய வழக்கம் காயின் சக்தியைக் கெடுப்பதன்று என்பதற்கு இது ஓர் ஆதாரம்.

இவை யாவும் கணக்கின் வரவுப் பக்கத்தில் எழுதத்தக்கவை.

சோதனைச்சாலை சொல்லாதது

இனிப் பற்றுப் பக்கம். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து அதன்மேல் சாற்றை விடுவது வேறு. மனித உடம்பில் நோயைத் தீர்ப்பது வேறு. தட்டில் சாறு கிருமியை நேரே தொடுகிறது. வாயால் விழுங்கிய டானின் வழியிலேயே உணவின் புரதத்தையும் உமிழ்நீரையும் பற்றிக்கொண்டு பெரும்பகுதி செலவாகிவிடும். அதன் துகள் பெரிதாகையால் குடலிலிருந்து இரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். எஞ்சியதைக் குடலில் வாழும் கிருமிகளே வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. ஆகவே நுரையீரலிலோ, சிறுநீரகத்திலோ, இரத்தத்திலோ பரவிய நோய்க்குக் கடுக்காய் குடித்துக் குணம் காணலாம் என்று நம்புவதற்கு இச்சோதனைகளில் இடமில்லை.

மருந்தாக ஒப்புக்கொள்ளப்படுவதற்கு நோயாளிகளிடையே ஒழுங்காக நடத்திய பரீட்சை வேண்டும். அத்தகைய பரீட்சையில் கடுக்காய்க்கு நல்ல பெயர் கிடைத்துள்ள துறை முக்கியமாக வாய்ச் சுகாதாரம். 2015-இல் பிரசுரமான நான்கு வாரப் பரீட்சை ஒன்றில், பல்லில் படியும் அழுக்கையும் ஈறு வீக்கத்தையும் குறைப்பதில் கடுக்காய்க் கொப்பளிப்பு நீர், பல் வைத்தியர் வழங்கும் குளோர்ஹெக்ஸிடின் நீருக்கு ஈடாக இருந்ததாகக் கண்டனர். சரக்கு கிருமியை நேரே தொடும் இடம் வாய். இதில் வெற்றி கிட்டியது காரண காரியத்தோடு பொருந்துகிறது.

கிருமிநாசினி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகி வருவது உலகெங்கும் கவலை தரும் விஷயம். 2019-ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய கிருமிகளால் நேரடியாக மாண்டவர் சுமார் 12.7 லட்சம் பேர் என்று உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று மதிப்பிட்டது. சாதாரண ஜலதோஷத்துக்கும் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவதும், வைத்தியர் ஐந்து நாள் சொன்னதை இரண்டு நாளில் நிறுத்துவதும் இப்பெருக்கத்துக்குத் துணை செய்கின்றன. கடுக்காய் போன்ற சரக்குகளில் புதிய மருந்துக்கு வழி உண்டா என்று விஞ்ஞானிகள் தேடுவதும் இதனால்தான். தேடல் நடைபெறுகிறது, மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. நடவு முடிந்ததை அறுவடை என்று கணக்கெழுதலாகாது.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் நீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறியபின் வாய் கொப்பளித்துத் துப்புவது செலவில்லாத நல்ல வழக்கம். ஈறு வீக்கத்துக்கு இது உதவும். சொத்தை விழுந்து வலியெடுத்த பல்லுக்கு மட்டும் பல் வைத்தியரே கதி.

ஆழமான காயத்தில் கடுக்காய்த் தூளை அப்பலாகாது. சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு காயத்தைக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று வில்வாத ஜன்னிக்கான ஊசி வேண்டுமா என்று கேட்க வேண்டும். தறியின் ஆணியோ, துருப்பிடித்த தகடோ கிழித்த காயமானால் இதில் ஒரு நாளும் தாமதம் கூடாது.

குழந்தையின் வயிற்றுப்போக்கில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் பெய்த கனமழையின்போது செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். அத்தகைய நாட்களில் குடிநீரோடு சாக்கடை கலந்து பேதி பரவ ஏதுவாகிறது. பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடம்பின் நீர் வற்றுதலே. கடுக்காயைக் கொடுத்துப் போக்கை நிறுத்தப் பார்ப்பது வற்றிய நீரை ஈடு செய்யாது. சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். அது இல்லையேல், காய்ச்சி ஆற்றிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டலாம். குழந்தை சோர்ந்து கண் குழி விழுந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளும், மிக மெலிந்தவர்களும், பட்டினி கிடந்தவர்களும் கடுக்காய் உண்ணலாகாது என்பது பழைய வைத்திய மரபே விதித்த விலக்கு. மேலும், டானின் இரும்புச் சத்தைப் பற்றிக்கொள்வதால், இரத்த சோகைக்கு இரும்பு மாத்திரை உண்ணும் பெண்கள் அதனுடன் சேர்த்துக் கடுக்காய் உட்கொண்டால் மாத்திரை வீணாகும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் வைத்தியரைக் கேட்டே இதை வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

சங்கங்களின் கடமை

கூட்டுறவு முறைக்கும் நாட்டு மருந்துக்கும் தொடர்பு புதிதன்று. சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் ஒன்றுகூடி 1944-இல் சென்னையில் தொடங்கிய கூட்டுறவு மருந்துச்சாலை இம்ப்காப்ஸ் என்ற பெயரால் யாவரும் அறிந்தது. மலைவாசிகளிடமிருந்து வன விளைபொருளைப் பெற்று விற்கும் பெரும்பலநோக்குச் சங்கங்களும் தமிழ்நாட்டில் உள்ளன. சிறு வன விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை மலைவாசிகளுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டது. சமவெளிச் சங்கங்கள் இவர்களிடமிருந்து நேரே கொள்முதல் செய்தால், இடைத்தரகருக்குப் போகும் லாபத்தில் ஒரு பங்கு பொறுக்கியவருக்கும் ஒரு பங்கு வாங்கியவருக்கும் மிஞ்சும்.

கொள்முதலில் கவனிக்கத்தக்கவை சில உண்டு. காய் கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். நீரில் இட்டால் அமிழ்வது நல்ல காய் என்பது பழைய சோதனை. துளை விழுந்ததும், பூஞ்சணம் பூத்ததும், மழையில் நனைந்து கறுத்ததும் தள்ளத்தக்கவை. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தூளாக வாங்குவதினும் முழுக் காயாக வாங்கி, அங்கத்தினர் கண்ணெதிரே கொட்டை நீக்கி இடிப்பது மேல். தூளில் சிறிது அன்னபேதி நீரை விட்டால் கறுப்பது டானின் உண்டென்பதைக் காட்டும்; ஆயினும் தான்றிக்காய்த் தூளும் அவ்வாறே கறுக்குமாதலால், கலப்படம் இல்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. முழுக் காயின் ஐந்து வரம்புகளே எளிய அத்தாட்சி.

இன்னொன்றும் மறக்கலாகாது. கடுக்காயைப் பண்டமாக விற்பது வேறு. மருந்தாகத் தயாரித்து விற்பது வேறு. பின்னதற்கு 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டும். நீரிழிவைத் தீர்க்கும், புற்றைத் தீர்க்கும் என்றெல்லாம் பொட்டலத்தில் அச்சிடுவது 1954-ஆம் ஆண்டு விளம்பரச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்க, அத்தகைய வாசகத்தை நம்பி ஓர் அங்கத்தினர் சிகிச்சையைக் கைவிட்டால், அந்த நஷ்டத்தை எந்தச் சங்கத்தின் சேமநிதியாலும் ஈடு செய்ய இயலாது. சங்கத்தின் முத்திரை பதிந்த பொட்டலத்துக்குத் தனி வியாபாரியின் பொட்டலத்தைவிட மதிப்பு அதிகம். அதில் பொய் இராது என்று ஜனங்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையே சங்கத்தின் மூலதனம்.

கடுக்காயின் கணக்கை இவ்வாறு முடிக்கலாம். துவர்ப்புச் சரக்கு நிறைந்தது. நேரே தொட்ட இடத்தில் கிருமியை அடக்க வல்லது. வாய்க்கும் ஈறுக்கும் நல்ல துணை. உள்நோய்களுக்கு மருந்தென இன்னும் நிரூபிக்கப்படாதது. இதில் எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல், ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் வீடுகளுக்கு எடுத்துச் சொல்லுமாயின், காய்க்கும் பெருமை உண்டு; குடும்பங்களுக்கும் க்ஷேமம் உண்டு.